எழுதிக் கொடுங்கள் சார்!

அரசு வேலையிலோ பொதுத்துறை நிறுவனத்திலோ புதிதாகச் சேரப்போகிற பிள்ளைகள் நல்ல வார்த்தை கேட்க வீட்டுக்கு வருவார்கள். காபி குடித்துவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போதுதான் மனசில் இருப்பதைக் கேட்பார்கள். "மேலே இருக்கிறவரே தப்பு பண்ணினா நாம என்ன மாமா செய்ய முடியும்?" உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி ஒன்றியம் என்று அடுத்தவர் எழுதிய கணக்கைப் புரட்டியே தலை நரைத்தது. வாசலில் நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

லஞ்சம் வாங்காதே, பொய்க் கணக்கு எழுதாதே என்றெல்லாம் உங்கள் வீட்டில் சொல்லியிருப்பார்கள். நல்லதுதான், ஆனால் அது போதாது. உங்கள் கை சுத்தமாக இருந்தாலும் அடுத்தவரின் அழுக்கு உங்கள் கையெழுத்தின் மேல் வந்து உட்காரலாம். பெரிய நாற்காலியில் இருப்பவர் தவறு செய்யக் கிளம்பும்போது உங்களிடம் பணக்கட்டோடு வரமாட்டார். சிரித்த முகத்தோடு, தோளில் கைபோடாத குறையாக, "முதல்ல வேலையை முடிங்க, ஃபைலை அப்புறம் பார்த்துக்கலாம்" என்பார். நான் தணிக்கை செய்த பெரிய முறைகேடுகளில் பெரும்பாலானவை இப்படி ஒரு வாய்மொழி உத்தரவில்தான் தொடங்கின. அது என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்ள முந்த்ரா விவகாரத்தைப் படியுங்கள். நான் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு அலைந்த காலத்தில் நடந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலதிகாரி ஒருவர்தான் அதைப் படிக்கச் சொன்னார்.

ஒரு வயது நிரம்பாத கழகம்

அந்தக் காலத்தில் ஆயுள் காப்பீடு தனியார் கையில் இருந்தது. ஜனங்கள் கட்டிய பிரீமியத்தை முதலாளிகள் தங்கள் சொந்த வியாபாரத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். 1955 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் எழுந்து, பெரும் தொழிலதிபர் ராமகிருஷ்ண டால்மியா தன் காப்பீட்டு நிறுவனத்தின் பணத்தை எப்படிக் கையாண்டார் என்று புட்டுப்புட்டு வைத்தார். அடுத்த மாதமே, 1956 ஜனவரி 19 அன்று, ஆயுள் காப்பீட்டை அரசுடைமையாக்கும் அவசரச் சட்டம் வந்தது. 245 நிறுவனங்களை ஒன்றாக்கி அந்த ஆண்டு செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. இனி நம் பணம் பத்திரம் என்று ஜனங்கள் நம்பினார்கள்.

பத்து மாதம்கூட ஆகவில்லை. 1957 ஜூனில், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா தொழிலதிபருக்குச் சொந்தமான ஆறு கம்பெனிகளின் பங்குகளை எல்.ஐ.சி. சுமார் 1.24 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஜெஸ்ஸாப், ரிச்சர்ட்சன் அண்ட் குருட்டாஸ், பிரிட்டிஷ் இந்தியா கார்ப்பரேஷன் எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தவை. முந்த்ரா அப்போது கடனில் கழுத்து வரை மூழ்கியிருந்தார். பங்குகளைச் சந்தையில் போய் வாங்கவில்லை, அவரிடமிருந்தே நேராக வாங்கினார்கள். முதலீடு செய்வதற்கு முன் ஆராய்ந்து சொல்வதற்கென்றே எல்.ஐ.சி.யில் முதலீட்டுக் குழு ஒன்று இருந்தது. அதைக் கேட்கவே இல்லை. நிதித்துறையின் முதன்மைச் செயலாளர் எச்.எம். படேல், எல்.ஐ.சி. தலைவர் ஜி.ஆர். காமத் போன்றவர்கள் பம்பாயில் பேசிய பேச்சிலேயே காரியம் முடிந்துவிட்டது.

1957 டிசம்பர் 16 அன்று இதை மக்களவையில் கிளப்பியவரும் அதே ஃபெரோஸ் காந்திதான். அவர் ஆளுங்கட்சி உறுப்பினர், போதாததற்குப் பிரதமர் நேருவின் மருமகன். பதில் சொல்ல வேண்டிய நிதியமைச்சர் நம் ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. டி.டி.கே.யின் கூர்மை எதிர்க்கட்சிக்காரர்களுக்கும் தெரியும். மாமனார் அரசாயிற்றே என்று மருமகனும் பார்க்கவில்லை, மருமகன் பேசிவிட்டானே என்று மாமனாரும் விசாரணையைத் தடுக்கவில்லை. பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளாவை ஒருநபர் ஆணையமாகப் போட்டார்கள்.

சாக்ளா மூடிய அறையில் விசாரிக்கவில்லை. பம்பாயில் எல்லோரும் பார்க்க நடந்த விசாரணையைக் கேட்கக் கூட்டம் முண்டியடித்தது. இடம் போதாமல் வெளியே நின்றவர்களுக்காக ஒலிபெருக்கி கட்டினார்கள். அமைச்சர், செயலாளர், ரிசர்வ் வங்கி ஆளுநர் என்று ஒருவர் பாக்கியில்லாமல் வந்து பதில் சொன்னார்கள். ஜனவரியில் போட்ட ஆணையம் 1958 பிப்ரவரியிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. இன்றைக்கு ஆணையங்களுக்குக் கால நீட்டிப்பு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போன நமக்கு இது கதை மாதிரி இருக்கும்.

கோப்பில் இல்லாத ஒரு வரி

நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. கல்கத்தா பங்குச்சந்தை சரிந்துவிடாமல் காப்பாற்றவே வாங்கினோம் என்று அதிகாரிகள் காரணம் சொன்னார்கள். சாக்ளா அதை ஏற்கவில்லை. சரி, வாங்கச் சொன்னது யார் என்ற கேள்வி வந்தது. அமைச்சரிடம் சொன்னேன், அவர் சம்மதித்தார் என்றார் செயலாளர். நான் சம்மதம் தரவில்லை என்றார் அமைச்சர். இருவரும் படித்தவர்கள், அனுபவஸ்தர்கள், நாடறிந்தவர்கள். ஒருவர் சொல்வது உண்மையென்றால் மற்றவர் சொல்வது உண்மையாக இருக்க முடியாது. இதைத் தீர்த்து வைக்க கோப்பில் ஒரு வரி இல்லை. ஒன்றேகால் கோடி ரூபாய், அதுவும் 1957ஆம் வருஷத்து ஒன்றேகால் கோடி, ஒரு பேச்சை நம்பிக் கைமாறியிருக்கிறது.

விஷயம் தன் காதுக்கு வந்த பிறகும் அமைச்சர் அதை மறுத்து ஒதுக்கவில்லை என்பதை சாக்ளா கவனித்தார். அதைவிட முக்கியமாக ஒன்று சொன்னார். தன் செயலாளர் செய்த காரியத்துக்கு அரசியல் சட்டப்படி அமைச்சரே பொறுப்பு, அதிகாரியின் முதுகுக்குப் பின்னால் அவர் ஒளிந்துகொள்ள முடியாது என்பது சாக்ளாவின் முடிவின் சாரம். டி.டி.கே. அந்த மாதமே பதவி விலகினார்.

அப்புறம் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். முந்த்ரா சிறைக்குப் போனார். படேல் அரசுப் பணியை விட்டு விலகினார், ஆனால் 1977இல் மொரார்ஜி தேசாய் அமைச்சரவையில் நிதியமைச்சராகவே வந்து உட்கார்ந்தார். டி.டி.கே.யும் 1962இல் அமைச்சரவைக்குத் திரும்பி, அடுத்த ஆண்டு மறுபடி நிதியமைச்சர் ஆனார். இரண்டு பேரும் தங்கள் பைக்குக் காசு சேர்த்தார்கள் என்று யாரும் நிரூபிக்கவில்லை. இந்த வழக்கை நான் உங்களுக்குச் சொல்வதே அதனால்தான். பைக்குள் ஒரு பைசா போடாமலேயே ஒரு தலைவர் தன் நிறுவனத்துக்குத் துரோகம் செய்துவிட முடியும். நெறிமுறையைத் தாண்டிக் குதித்தால் போதும். குதித்தவர் திறமைசாலி, தேசபக்தர், நல்லவர் என்பதெல்லாம் பிரீமியம் கட்டிய ஜனங்களுக்கு என்ன ஆறுதல்?

ஊழலைத் தடுக்கும் முயற்சியும் அதோடு நின்றுவிடவில்லை. 1962இல் தமிழ்நாட்டைச் சேர்ந்த சுதந்திரப் போராட்ட வீரர் கே. சந்தானம் தலைமையில் ஊழல் தடுப்புக் குழு ஒன்றை அரசு அமைத்தது. அதன் பரிந்துரையில்தான் 1964இல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வந்தது. பொதுத்துறை வங்கிகளிலும் நிறுவனங்களிலும் இன்று உட்கார்ந்திருக்கிற விஜிலென்ஸ் அதிகாரிகளுக்கெல்லாம் மேலே இருப்பது அந்த ஆணையம்தான்.

கால் உடைந்த 'ஜ'

டெல்லிக் கதையை விடுங்கள், நம் தாலுகா அளவுக்கு வருவோம். நான் தணிக்கைக்குப் போன ஒரு நகராட்சியில் தெருவிளக்குச் சாமான் வாங்கிய கோப்பு கைக்கு வந்தது. விதிப்படி மூன்று விலைப்புள்ளிகள் இருந்தன. மூன்று கடை, மூன்று ரப்பர் ஸ்டாம்ப், மூன்று விதக் கையெழுத்து. ஆனால் மூன்றிலும் 'ஜ' எழுத்துக்கு மட்டும் கால் உடைந்திருந்தது. ஒரே தட்டச்சு இயந்திரம். விலைகளை ஒப்பிட்டுப் போட்ட பட்டியலின் தேதியைப் பார்த்தேன். விலைப்புள்ளி வந்து சேர்ந்ததற்கு இரண்டு நாள் முந்திய தேதி. சாமானை வாங்கிக் கம்பத்தில் மாட்டியான பிறகு, காகிதங்களை ஜோடித்திருக்கிறார்கள் என்று புரிந்துவிட்டது. கடைசியில் மன்றத் தீர்மானம், 'பின்னேற்பு அளிக்கப்படுகிறது' என்ற ஒற்றை வரியோடு.

ஜோடித்தவர் ஒரு உதவியாளர். ஆளைப் பார்த்தாலே தெரியும், வாங்கித் தின்கிற மனுஷன் இல்லை. "கமிஷனர் சொன்னார் சார், திருவிழா வருது, சீக்கிரம் முடிங்கன்னார்" என்றார். எந்தத் தேதியில் சொன்னார், எதில் சொன்னார் என்று கேட்டேன். கூப்பிட்டுச் சொன்னாராம். ஆணையர் அதற்குள் மாற்றலாகி வேறு ஊருக்குப் போய்விட்டார். அவரிடம் விளக்கம் கேட்டபோது, எனக்கு வைத்த கோப்பில் எல்லாம் முறையாகவே இருந்தது, நம்பிக் கையெழுத்திட்டேன் என்று எழுதி அனுப்பினார். தாளில் இருந்தவரை அவர் சொன்னது சரி. உதவியாளருக்குக் கடும் தண்டனைக்கான 17பி குற்றச்சாட்டு மெமோ வந்தது. ஓய்வு பெறுகிற நாளில் மாலைக்குப் பதில் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு கைக்கு வந்தது. பணிக்கொடைக்காக அவர் எத்தனை வருஷம் அலைந்தார் என்பது அவர் மனைவிக்குத்தான் தெரியும்.

அதே நகராட்சியில், வேறொரு பிரிவில், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகாத இளநிலை உதவியாளர் பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் அப்படியே ஒரு உத்தரவு வந்திருக்கிறது. அவள் சண்டை போடவில்லை, பத்திரிகைக்காரரைக் கூப்பிடவில்லை. கோப்பின் குறிப்புப் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியம் எழுதினாள்: 'ஆணையர் அவர்கள் இன்று முற்பகல் 11 மணியளவில் நேரில் தெரிவித்த வாய்மொழி உத்தரவின்படி இக்குறிப்பு வைக்கப்படுகிறது. விலைப்புள்ளிகள் பெறப்படவில்லை என்பது பணிந்து தெரிவிக்கப்படுகிறது.' கீழே சுருக்கொப்பம், தேதி. கோப்பு மேலே போனது. திரும்பி வந்தபோது ஆணையர் பச்சை மையில் 'விலைப்புள்ளி கோருக' என்று எழுதியிருந்தார். அவ்வளவுதான். நகராட்சிக்குப் பணம் மிச்சம், அவளுக்கு நிம்மதி. யோசித்துப் பார்த்தால், ஆணையரையும் அவள்தான் காப்பாற்றியிருக்கிறாள்.

தேன் எடுத்தவன் புறங்கை

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் இருப்பானா என்று நம்மவர்கள் சொல்வார்கள். எனக்குப் பிடிக்காத பழமொழி அது. திருட்டை இயல்பாக்கி, பார்க்கிறவர்களையும் சும்மா இருக்கச் சொல்கிற பழமொழி. நான் பார்த்த அலுவலகங்களில் புறங்கையை நக்காதவர்கள் ஏராளம் பேர் இருந்தார்கள். அவர்களுடைய குறை ஒன்றுதான். பக்கத்து நாற்காலியில் நடப்பதைப் பார்த்தும், நமக்கென்ன வம்பு என்று தலையைக் குனிந்துகொள்வார்கள். தலைமையில் இருப்பவரின் துணிச்சல் பாதி அந்தக் குனிந்த தலைகளிலிருந்துதான் பிறக்கிறது.

தலை நிமிர்த்தச் சட்டம் உங்களுக்குக் கை கொடுக்கிறது, இதைத் தெரிந்துகொள்ளுங்கள். மேலதிகாரியின் உத்தரவு பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், தவிர்க்க முடியாமல் வாயால் சொன்னால் உடனே எழுத்தில் உறுதி செய்ய வேண்டும், வாய்மொழி உத்தரவு பெற்றவரும் அந்த உறுதியைக் கேட்டு வாங்க வேண்டும் என்று மத்திய அரசு ஊழியர்களுக்கும் அகில இந்தியப் பணி அதிகாரிகளுக்குமான நடத்தை விதிகளிலேயே இருக்கிறது. இதை மேலும் அழுத்திச் சொல்லக் கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்கள் முன்னாள் அமைச்சரவைச் செயலாளர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியனும் ஓய்வுபெற்ற மூத்த அதிகாரிகளும். 2013 அக்டோபர் 31 அன்று வந்த தீர்ப்பு, அதிகாரிகள் வாய்மொழி உத்தரவை நம்பி வேலை செய்யக் கூடாது, அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்றது. பதிவு இல்லாவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஜனங்கள் எதைக் கேட்டு வாங்குவார்கள் என்ற நியாயமும் அதில் இருந்தது. ஆகவே 'எழுதிக் கொடுங்கள் சார்' என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. உங்கள் கடமை அது.

கேட்கிற விதம் ஒன்று இருக்கிறது. முகத்தில் அடித்தாற்போல் கேட்காதீர்கள். "செஞ்சிடறேன் சார், தணிக்கையில் கேள்வி வரும், ஒரு வரி போட்டுக் கொடுத்தீங்கன்னா நல்லா இருக்கும்" என்று சொல்லுங்கள். எங்கள் துறையைத் தாராளமாகக் காரணம் காட்டுங்கள், திட்டு வாங்கிப் பழகியவர்கள்தான் நாங்கள். எழுதித் தர மறுத்தால், நீங்களே நடந்ததைக் குறிப்பாக எழுதிக் கோப்பை மேலே அனுப்புங்கள். சட்டத்துக்கே புறம்பான காரியம் என்றால், எழுத்தில் வந்தாலும் செய்யாதீர்கள். முன்தேதி போடச் சொன்னால் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். ஒரு பொய்த் தேதி போட்ட அன்றைக்கு அவருடைய தவறு உங்கள் தவறாகிவிடும், அதற்குப் பிறகு நீங்கள் அவர் கைப்பிடியில்.

இதில் ஆபத்தே இல்லை என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். சத்யேந்திர துபே என்ற இளம் பொறியாளர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர், தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதமோ பெயரோடு அலுவலகம் அலுவலகமாகச் சுற்றியது. 2003 நவம்பர் 27 அதிகாலையில் கயாவில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வழிப்பறிக் கொலை என்றே சி.பி.ஐ. வழக்கு முடிந்தது. ஆனால் நம்பி எழுதிய பிள்ளையின் பெயரைக் காக்கத் தவறியது மேலே இருந்தவர்களின் குற்றம், அதற்கு யாரும் தண்டனை பெறவில்லை. முறைகேட்டைச் சொல்பவரைப் பாதுகாக்க 2014இல் நாடாளுமன்றம் சட்டம் நிறைவேற்றியது. ஆண்டுகள் பல கடந்தும் அதை நடைமுறைக்குக் கொண்டுவராமல் வைத்திருந்தார்கள். ஆகவே தனியாகக் களத்தில் குதித்து வீரம் காட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. கோப்பில் எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள், சங்கத்தில் பேசுங்கள், உங்களைப் போல் நினைக்கிற இரண்டு பேரைத் தேடிப் பிடியுங்கள். ஃபெரோஸ் காந்திக்கே தனிமனிதத் துணிச்சல் மட்டும் போதவில்லை. நாடாளுமன்றத்தில் பேசுவதைப் பத்திரிகைகள் வழக்குக்குப் பயப்படாமல் அச்சிட வழி செய்யும் சட்டத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்து 1956இலேயே நிறைவேற்றியிருந்தார். முந்த்ரா பேச்சு மறுநாள் ஊரெல்லாம் தெரிந்ததற்கு அந்தச் சட்டமும் துணை நின்றது.

நாற்காலி உங்களுடையதாகும்போது

இத்தனையும் கீழே இருக்கிறவர்களுக்குச் சொன்னேன். இருபது, இருபத்தைந்து வருஷத்தில் உங்களில் சிலர் மேலே வந்துவிடுவீர்கள். ஆணையர், பதிவாளர், பொது மேலாளர், துணைவேந்தர் என்று அறைக்கு வெளியே பெயர்ப்பலகை தொங்கும். அப்போதைக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

1956 நவம்பரில் அரியலூர் பக்கத்தில் மருதையாற்றுப் பாலத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து 140 பேருக்கு மேல் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. பாலத்தின் கரையை வெள்ளம் அரித்ததற்கு அவர் என்ன செய்வார்? என் துறையில் நடந்தது, நான் பொறுப்பு என்று ராஜினாமா கொடுத்தார். அடுத்த பதினைந்து மாதத்தில் டி.டி.கே. விவகாரம். ஒருவர் தானாக முன்வந்து பொறுப்பேற்றார், இன்னொருவருக்கு அதைச் சொல்ல ஒரு நீதிபதி தேவைப்பட்டது. இரண்டு பேரும் திறமையானவர்கள்தான். ஆனால் தலைமைக்கு நம் ஜனங்கள் இன்றும் உதாரணம் காட்டுவது சாஸ்திரியைத்தான்.

மேலே போனவர்கள் கெடுவது ஒரே நாளில் இல்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். முதலில் அலுவலகக் கார் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும். அப்புறம் மச்சினன் கம்பெனிக்குச் சின்னதாக ஒரு வேலை. அப்புறம் 'இல்லை' என்று சொல்கிற அதிகாரி மாற்றலாகிப் போவார், 'ஆகட்டும்' என்று சொல்கிறவர் அறைக்குப் பக்கத்திலேயே இருப்பார். சுற்றிலும் தலையாட்டுகிறவர்களே நிறைந்துவிட்ட பிறகு, எது சரி என்று எடுத்துச் சொல்ல ஆள் இருக்காது. அந்த நிலைக்கு வந்த தலைவருக்குத் தான் தவறு செய்வதே தெரியாது, நிறுவனத்துக்காக உழைக்கிறேன் என்று உண்மையாகவே நம்புவார். தணிக்கை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்து கண் கலங்கியவர்கள் பலர் அந்த ரகம்.

அதனால், மறுத்துப் பேசுகிற ஒருவரையாவது உங்கள் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் சம்பந்தப்பட்ட கோப்பு வந்தால் நான் இதைப் பார்க்கமாட்டேன் என்று எழுதி வேறொருவருக்கு அனுப்பிவிடுங்கள். தணிக்கைத் தடை வந்தால் கீழே இருப்பவரைக் கைகாட்டாமல் முதல் பதிலை நீங்கள் எழுதுங்கள். என்றைக்காவது வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆன பிள்ளை ஒன்று கதவைத் தட்டி உள்ளே வந்து, தயங்கித் தயங்கி, "எழுதிக் கொடுங்கள் சார்" என்று கேட்கும். கோபம் வரும், எனக்கும் வந்திருக்கும். பேனாவை எடுத்து எழுதிக் கொடுங்கள். எழுதிக் கொடுக்க முடியாத உத்தரவாக இருந்தால், அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்லிவிட்டு உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.